1780 என்று அடித்திருந்தால் 1780 ஆகிவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை மாவட்டப் பக்கத்தில் 'பரணில் கிடைத்த பேரரசி' என்று ஒரு செய்தி போட்டிருந்தீர்கள். பழைய வீட்டைப் பிரித்துக் கட்டும்போது டிரங்குப் பெட்டிக்குள் ஒரு வெள்ளிக் காசு கிடைத்தது, ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரசா 1780-இல் இறந்தபோது அவர் நினைவாக வெளியிட்ட அரிய நாணயம் அது, இன்றைக்குப் பல லட்சம் பெறும் என்று எழுதி, கூடவே காசின் படமும். வேறு செய்தியாக இருந்தால் காபியோடு சேர்த்து விழுங்கிவிட்டு ராசிபலனுக்குப் போயிருப்பேன். அதே காசு ஐம்பது வருடமாக என்னிடம் இருக்கிறது, இப்போது வீட்டு சாமி அலமாரியில். அதனால் பேனாவை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

நான் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். 1973 முதல் 1977 வரை எத்தியோப்பியாவில் ஹரார் என்ற ஊரில் வேலை பார்த்தேன். அந்தக் காலத்தில் அந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு இந்தியாவிலிருந்து நிறையப் பேரை எடுத்தார்கள். மலையாளிகள் அதிகம், நம்மவர்களும் உண்டு. ஹரார் மதில் சூழ்ந்த பழைய ஊர். இருட்டிய பிறகு மதிலுக்கு வெளியே கழுதைப்புலிகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு இறைச்சி போடுவார்கள். அந்தக் கதைக்குள் போனால் கடிதம் முடியாது.

மனைவிக்கு ஏதாவது வெள்ளியில் வாங்கலாம் என்று உடன் வேலை பார்த்த திருச்சூர்க்காரர் ஒருவர் என்னை வெள்ளிப் பட்டறைக்குக் கூட்டிப் போனார். பட்டறைக்காரர் ஒரு சங்கிலியை எடுத்துத் தராசின் ஒரு தட்டில் வைத்தார். அடுத்த தட்டில் படிக்கல் வைப்பார் என்று பார்த்தால், இரண்டு பெரிய வெள்ளிக் காசுகளைப் போட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பத்தரும் 'ஒரு ரூபா எடை, ரெண்டு ரூபா எடை' என்றுதான் வெள்ளி நிறுப்பார். இங்கே விக்டோரியா ராணியின் ரூபாய் எடைக்கல்லாக இருந்த மாதிரி, அங்கே இந்த மரியா தெரசா அம்மாளின் முகம் போட்ட தாலர் என்ற காசு. பொன்னையும் வெள்ளியையும் வாசனைப் பொருளையும் அந்தக் காசின் எடையைக் கணக்கு வைத்துத்தான் அந்த நாட்டில் காலங்காலமாக நிறுத்திருக்கிறார்கள்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு கிழவி வந்தாள். துணி முடிச்சை அவிழ்த்து நாலு காசுகளைப் பலகைமேல் வைத்தாள். பட்டறைக்காரர் ஒவ்வொன்றாகக் கல்லில் தட்டி ஓசை கேட்டார். அப்புறம் ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்குத் திருப்பி, பேரரசியின் தோளில் இருக்கும் பதக்கத்தை நகத்தால் தடவித் தடவி ஏதோ எண்ணினார். மூன்றை எடுத்துக்கொண்டு ஒன்றைத் திருப்பித் தள்ளிவிட்டார். கிழவி சண்டை போட்டுப் பார்த்தாள், அவர் மசியவில்லை. என்ன எண்ணினார் என்று கேட்டேன். பதக்கத்தைச் சுற்றி முத்துகள் இருக்கும், ஒன்பது இருக்க வேண்டும், குறைந்தால் வாங்கக்கூடாது என்றார். என் கையைப் பிடித்து, என் நகத்தாலேயே எண்ண வைத்தார். ஒன்பது இருந்தது. சங்கிலியை விட்டுவிட்டு அந்தக் காசையே 9 பிர் கொடுத்து வாங்கிக்கொண்டேன். அவர்கள் பணத்துக்குப் பெயரே பிர்தான். அம்ஹாரிக் மொழியில் வெள்ளி என்று பொருள்.

வெறுங்காசோடு வீட்டுக்கு வந்தால் என்ன நடக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை.

1977-இல் சோமாலியப் போர் ஹரார் பக்கம் வந்தபோது கிளம்பி வந்துவிட்டேன். ஊரில் பத்தரிடம் காட்டினேன். பின்பக்கம் இருதலைப் பறவையைப் பார்த்துவிட்டு, "மைசூர்க் காசா சார்?" என்றார். மைசூர் அரச முத்திரையில் இருக்கும் கண்டபேருண்டம் என்று நினைத்துவிட்டார். அது ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தின் இருதலைக் கழுகு. நிறுத்துப் பார்த்து, ரெண்டரை ரூபா எடைக்குக் கொஞ்சம் கம்மி என்றார். கணக்கு சரிதான். தாலர் 28.07 கிராம், ரூபாய் 11.66 கிராம். தாலரில் ஆறில் ஐந்து பங்கு வெள்ளி, மீதி செம்பு. ஆக, சுத்த வெள்ளி 23.39 கிராம். பின்ன வகுப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று பத்து வருடம் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

இப்போது உங்கள் செய்திக்கு வருகிறேன். மரியா தெரசா இறந்தது 1780 நவம்பர் 29. அந்த வருடத்தில் மிச்சம் இருந்ததே ஒரு மாதம். 1780 என்ற தேதி அவர் நினைவுக்காகப் போட்டதல்ல. அது அந்த வருடம் வழக்கமாக அடித்துக்கொண்டிருந்த காசு, அவ்வளவுதான். விசேஷம் அதற்குப் பிறகு நடந்தது. இந்த தாலர் வியாபாரிகள் வழியாகச் செங்கடல் பக்கம் போய், அரேபியாவிலும் எத்தியோப்பியாவிலும் நன்றாக வேரூன்றிவிட்டது. காப்பிக்கொட்டை வாங்க வேண்டுமானால் இந்தக் காசு வேண்டும். முகம் மாறினால், தேதி மாறினால், அங்கே வாங்க மாட்டார்கள். மகன் இரண்டாம் யோசேப்பு பட்டத்துக்கு வந்த பிறகும் அம்மாவின் முகத்தையும் 1780 என்ற தேதியையும் அப்படியே வைத்து அடித்துக்கொண்டே இருந்தார்கள். 1857-இல் இதை வியாபாரத்துக்கான காசு என்று அரசாணையே போட்டார்கள். அடுத்த வருடம் ஆஸ்திரியாவுக்குள் அது செல்லாக்காசு. உள்ளூரில் செல்லாத காசை வெளியூருக்காக அச்சடித்த கதை வேறெங்காவது உண்டா என்று நான் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆக, படத்தில் 1780 என்று தெரிகிறது என்பதற்காக அது 1780-இல் அடித்தது என்று சொல்ல முடியாது. 1880 ஆக இருக்கலாம், 1980 ஆகவும் இருக்கலாம். வியன்னா நாணயசாலை இன்றைக்கும் அதே தேதியோடு அடித்து விற்கிறது. இதுவரை அடித்தவை ஏறக்குறைய 39 கோடி என்று கணக்குச் சொல்கிறார்கள். 39 கோடி இருப்பதை அரியது என்று சொன்னால், எங்கள் தெருவில் கொசுவும் அரிய உயிரினம்தான்.

வியன்னா மட்டுமா அடித்தது? 1935-இல் இத்தாலியின் முசோலினி எத்தியோப்பியாவைப் பிடிக்கக் கிளம்பியபோது, அங்கே செலவழிக்க இந்தக் காசு வேண்டும் என்று ஆஸ்திரியாவிடமிருந்து அச்சுகளை 25 வருடத்துக்கு வாங்கிக்கொண்டார். மற்ற நாட்டு வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? பாரிஸ், லண்டன், பிரஸ்ஸல்ஸ் என்று ஆளாளுக்கு அடிக்க ஆரம்பித்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது, 1940-41-இல், நம் பம்பாய் நாணயசாலையும் அடித்தது. கொஞ்ச நஞ்சமல்ல, 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேல். இத்தாலிக்காரனை எத்தியோப்பியாவிலிருந்து விரட்டப் போன ஆங்கிலேயப் படைக்கும் அங்கே செல்லுபடியான காசு வேண்டியிருந்தது. கடல் தாண்டிப் போய் நான் 9 பிர் கொடுத்து வாங்கிவந்தது பம்பாயில் அடித்ததாகவே இருக்கலாம். இதை என் மனைவியிடம் சொன்ன அன்று கிடைத்த பார்வையை இங்கே எழுத முடியாது.

முகத்துக்குக் கீழே எஸ்.எஃப். என்று இரண்டு எழுத்து இருக்கும். ஷோபல், ஃபாபி என்ற இரண்டு அதிகாரிகளின் பெயர்ச் சுருக்கம். இவர்கள் தெற்கு ஜெர்மனியில் குன்ஸ்பர்க் ஊர் நாணயசாலையில் இருந்தவர்கள். அந்த நாணயசாலையை 1805-லேயே மூடிவிட்டார்கள். ஆனாலும் பம்பாயில் அடித்த காசில்கூட அவர்கள் பெயரெழுத்து உண்டு. எழுத்தை எடுத்துவிட்டால் ஏமன்காரர் வாங்க மாட்டாரே!

சரி, உண்மையாகவே அந்த அம்மாள் உயிரோடு இருந்தபோது அடித்த காசுகள் இல்லையா என்றால், உண்டு. அவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் நல்ல விலையும் கொடுக்கிறார்கள். ஆனால் கழுகு வாலில் இறகு எப்படி இருக்கிறது, பதக்கத்தின் வடிவம் என்ன, விளிம்பு எப்படி என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பிரிக்கும் வேலை அது. செய்தியாளர் செல்போனில் எடுத்த படத்தை வைத்துச் சொல்கிற காரியமல்ல.

நமக்கும் இது புதிதல்ல. வீட்டில் பழைய விக்டோரியா ரூபாய் வைத்திருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள். 1862 என்று போட்ட ரூபாயை அந்த ஒரு வருடம் மட்டும் அடிக்கவில்லை. அதே தேதியோடு 1874 வரைக்கும் அடித்தார்கள். பம்பாய்க் காசில் எந்த வருடத்தது என்று தெரிய, கண்ணுக்குத் தெரியாத அளவில் புள்ளிகள் வைத்தார்கள். 1877-லிருந்து 'ராணி' என்ற சொல் போய் 'பேரரசி' வந்தது. பேரரசி நினைவாக வெள்ளியில் அடித்தது என்று சொன்னால் அதற்குப் பொருத்தமானது, அந்த வருடம் ஜனவரி 1-ஆம் தேதி டெல்லி தர்பாரில் கொடுத்த பதக்கம்தான். பெரியவர்களுக்குப் பொன்னிலும் மற்றவர்களுக்கு வெள்ளியிலும் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் இங்கே தாது வருஷப் பஞ்சம். என் பாட்டியின் பாட்டி புளியங்கொட்டையை வறுத்து இடித்துத் தின்று பிழைத்ததாக வீட்டில் சொல்வார்கள். எழுதும்போது பேனா அந்தப் பக்கம் போய்விட்டது, மன்னிக்கவும்.

இன்னொரு சின்னத் திருத்தம். ஆஸ்திரியப் பேரரசு என்று ஒன்று ஏற்பட்டதே 1804-இல். மரியா தெரசா ஹங்கேரிக்கும் பொஹீமியாவுக்கும் அரசி, ஆஸ்திரியாவுக்கு ஆர்ச்டச்சஸ் என்ற பட்டம் மட்டும். கணவர் பிரான்சிஸ் 1745-இல் புனித ரோமானியப் பேரரசர் ஆனதால் இவர் பேரரசி. காசிலும் லத்தீனில் அப்படித்தான் போட்டிருக்கிறது. 23 வயதில் அப்பா செத்த கையோடு பட்டம் வந்தது. வந்த சூட்டில் பிரஷ்யாவின் அரசன் பிரெடரிக் சைலீசியா மாகாணத்தைப் பிடுங்கிக்கொண்டான். பதினாறு பிள்ளை பெற்றுக்கொண்டே நாற்பது வருடம் ஆண்டிருக்கிறார். ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வரை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று 1774-இல் சட்டம் போட்டவர் என்பதால் வாத்தியார் என்ற முறையில் எனக்கு மரியாதை உண்டு. பிராக் நகரத்து யூதர்களைக் குளிர்காலத்தில் ஊரைவிட்டுத் துரத்தியவரும் இவர்தான். விளிம்பில் 'நீதியும் கருணையும்' என்று லத்தீனில் எழுதியிருப்பதைத் தடவும்போதெல்லாம் எனக்கு அதுவும் ஞாபகம் வரும். அந்த விளிம்பு எழுத்துக்கு வேறொரு பயனும் உண்டு. எழுத்து மேடாக இருப்பதால் ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருட முடியாது.

நினைவு நாணயம் என்றே சொல்ல வேண்டுமானால், 2017-இல் அவர் பிறந்து 300 வருடம் ஆனதற்காக ஆஸ்திரிய நாணயசாலை 20 யூரோ வெள்ளிக் காசு வரிசை ஒன்றை ஆரம்பித்தது. மொத்தம் நான்கு. அவற்றில் தேதி ஒழுங்காக இருக்கிறது.

எதற்கு இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், என்னிடம் பத்தாவது படித்த பையன் ஒருவன் (இப்போது அவனுக்கே பெண் கல்யாணத்துக்கு இருக்கிறது) உங்கள் நாளிதழைக் கையில் சுருட்டிக்கொண்டு திங்கட்கிழமை காலையில் வந்து நின்றான். போன வருடம் ஒரு நாணயக் கண்காட்சியில் இதே காசை 38,000 ரூபாய் கொடுத்து வாங்கினானாம். "சார், லட்சக்கணக்கில் போகுமாமே, எங்கே விற்கலாம்?" என்று கேட்டான். காசு பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. அடகுக்கடைத் தராசில் வைத்தோம், 28.06 கிராம். தட்டினால் ஓசையும் சுத்தம். முத்து ஒன்பது. விஷயத்தைச் சொன்னதும் முகம் தொங்கிப் போய்விட்டது. "அப்போ இது போலியா சார்?" என்றான். போலியும் இல்லையடா, பழசும் இல்லை, வெள்ளி விலைக்கு மேலே கொஞ்சம் வைத்துப் புதிதாகவே வாங்கக்கூடிய காசு என்றேன். போலி என்றிருந்தால் அவனுக்கு ஒரு புகாராவது கொடுத்திருக்கலாம். விற்றவர் 1780 என்று காசைத்தான் காட்டினாரே தவிர, ரசீதில் ஒன்றும் எழுதித் தரவில்லை. உங்கள் செய்தியைப் படித்துவிட்டு இன்னும் எத்தனை பேர் கிளம்பியிருப்பார்களோ!

பரணில் காசு கிடைத்த வீட்டைப் பற்றி நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. அது அங்கே எப்படி வந்தது? ஏமனில் 1960-கள் வரைக்கும் இந்தக் காசு புழங்கியது. அங்கே அதற்கு 'ரியால் பிரான்ஸி' என்று பெயர், ஏதோ பிரெஞ்சுக் காசு போல. அந்தக் குடும்பத்தில் யாராவது ஏடன் துறைமுகத்தில் வேலை பார்த்தார்களா, கப்பலில் போனார்களா? இன்னும் பின்னால் போனால், 1868-இல் அபிசீனியச் (எத்தியோப்பியாவின் பழைய பெயர்) சக்கரவர்த்தி தியோடரை எதிர்த்து ஆங்கிலேயத் தளபதி நேப்பியர் கொண்டுபோன படையில் நம் மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையினர் இருந்தார்கள். பெங்களூரில் இருக்கும் அந்தப் படைப்பிரிவின் போர்ப் பெருமைகளில் அபிசீனியா என்ற பெயர் இன்றும் உண்டு. அங்கே கழுதைக்குத் தீவனம் வாங்கக்கூட இந்தக் காசு இல்லாமல் முடியாது என்று ஆங்கிலேயர்கள் தாலரை லட்சக்கணக்கில் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். அப்படிப் போன ஒரு கொள்ளுத் தாத்தாவின் கூலி மிச்சமாகக்கூட அது இருக்கலாம். பெட்டியில் வேறென்ன இருந்தது, ஒரு பாஸ்போர்ட், ஒரு கடிதம், ஒரு கப்பல் சீட்டு இருந்ததா என்று உங்கள் செய்தியாளர் இன்னொரு நடை போய்க் கேட்கலாம்.

என் காசின் கதி என்ன என்று கேட்பீர்கள். சங்கிலி வாங்காமல் வந்ததற்கு ஒரு வாரம் பேச்சில்லை. அப்புறம் என் அம்மாதான் அதை வாங்கிப் பார்த்து, "முக்காடு போட்ட மகாலட்சுமி மாதிரி இருக்கே" என்றார். அது முக்காடுதான். கணவர் 1765-இல் இறந்த பிறகு அந்தப் பேரரசி துக்க உடையைக் கழற்றவே இல்லை. காசில் இருப்பது கைம்பெண் அணியும் தலைத்துணி. இதை நான் சொல்வதற்குள் என் மனைவி நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டாள். சொன்ன பிறகும் துடைக்கவில்லை. "இருந்தா என்ன, பதினாறு பெத்தவ" என்றாள். வெள்ளிக்கிழமைதோறும் குங்குமம் நடக்கிறது. அங்கே ஹராரில் பெண்கள் இந்தத் தாலரைக் காது வைத்துக் கழுத்தில் கோத்துப் போட்டிருந்ததைச் சொல்லியிருக்கிறேன். நம் சங்கிலியில் தொங்குவதையும் டாலர் என்றுதானே சொல்கிறோம், இதையும் ஒரு செயினில் மாட்டிக் கொடுங்களேன் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அமெரிக்க டாலர் என்ற பெயர் தாலர் என்ற சொல்லிலிருந்து வந்தது என்பதுவரை எனக்குத் தெரியும். காசில் ஓட்டை போடத்தான் மனம் வரவில்லை.

ஆகவே, அது அரிய நினைவு நாணயம் அல்ல, தேதியை நம்பி யாரும் பெரிய விலை கொடுக்க வேண்டாம் என்று அதே மாவட்டப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். அந்த வீட்டுக்காரர்களிடம் அவசரப்பட்டு விற்கவும் வேண்டாம், புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் படத்தில் நானும் முத்து எண்ணிப் பார்த்தேன். அச்சு மை பரவியிருந்ததால் ஆறுக்கு மேல் எண்ண முடியவில்லை. தோள்பக்கம் மட்டும் கொஞ்சம் பெரிதாக இன்னொரு முறை போட்டால் எண்ணி எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர்,
மயிலாடுதுறை